பழைய காம்பவுண்ட் வில்லின் ரைசரில் ரீகர்வ் லிம்ப் பூட்டலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ஒஹாயோவில் ஒரு கராஜ் சேலில் பேர் (Bear) கம்பெனியின் பழைய காம்பவுண்ட் வில் ஒன்று, அதாவது நுனிகளில் சக்கரமும் கேபிளும் வைத்த வில், சல்லிசாகக் கிடைத்திருக்கிறது. கேபிள் துருப்பிடித்துவிட்டது, ஒரு சக்கரத்தில் விரிசல், ரைசர், அதாவது நடுவில் இருக்கும் உலோகக் கைப்பிடிப் பகுதி, மட்டும் பார்வைக்கு நன்றாக இருக்கிறது, நீளம் 18 அங்குலம். அடாப்டர் பிளேட் இரண்டு வாங்கிப் போட்டு, ஐஎல்எஃப் என்ற பொது முறையில் பொருந்தும் லிம்ப் (வில்லின் வளையும் கைகள்) பூட்டி, இழுவை எடை 45 பவுண்டு உள்ள ரீகர்வ் வில்லாக (சக்கரமில்லாமல் நுனி முன்பக்கம் வளைந்த வில்) ஆக்கிவிடலாமா, உலோகம் தாங்குமா, என்ன செலவாகும்? தாங்குமா என்பதற்குப் பதில் சுலபம்: விரிசல் இல்லாத ரைசர் என்றால் அநேகமாகத் தாங்கும். பூட்டிய பிறகு அது நல்ல வில்லாக இருக்குமா என்பதற்குத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் மிச்சிகனில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் மில்லிங் மெஷினோடு காலம் தள்ளியவன். எங்கள் வில்வித்தை கிளப்பில் யாராவது பழைய ரைசரைத் தூக்கிக்கொண்டு வந்தால் அது கடைசியில் என் மேசைக்குத்தான் வரும். உலோகவியல் படித்தவன் இல்லை. அளப்பதும் துளைப்பதும் என் தொழில். ஆகவே அளந்து சொல்லக்கூடியதை உறுதியாகச் சொல்கிறேன். வார்ப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் படத்தைப் பார்த்து நான் மட்டுமில்லை, யாருமே சொல்ல முடியாது.

முதலில், இந்த ஜோடி ஏன் சாத்தியம் என்று பார்ப்போம். காம்பவுண்ட் வில்லுக்கு மிசௌரிக்காரரான ஹாலஸ் வில்பர் ஆலன் 1966-இல் விண்ணப்பித்து 1969 டிசம்பரில் காப்புரிமை வாங்கினார். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அமெரிக்க வேட்டைக்காரர்கள் லட்சக்கணக்கில் அதற்கு மாறினார்கள். அந்தக் காலத்து காம்பவுண்ட் என்பது உலோகக் கைப்பிடி, இரண்டு நேரான லிம்ப், நுனியில் சக்கரம், அவ்வளவுதான். லிம்ப் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு பெரிய போல்ட் பிடித்திருக்கும். அதே எண்பதுகளில் ஹோய்ட் நிறுவனம் ஒலிம்பிக் வகை ரீகர்வுக்கு ஒரு லிம்ப் பொருத்தும் முறையைக் கொண்டுவந்தது. அதுதான் பின்னாளில் எல்லாக் கம்பெனியும் எடுத்துக்கொண்ட ஐஎல்எஃப். அதிலும் லிம்ப்பின் அடியில் யூ வடிவ வெட்டு, அதன் மேல் ஒரு போல்ட், சற்றுத் தள்ளி ஒரு டோவ்டெயில் பள்ளம் (வாய் குறுகி அடி அகன்றது). இரண்டுமே ஒரு போல்ட்டும் ஒரு தாங்குவிளிம்பும் (லிம்ப் சாய்ந்து நிற்கும் ரைசரின் ஓரம்) வைத்து லிம்ப்பைப் பிடிப்பவை என்பதால்தான் ஒன்றின் உடம்பில் மற்றதன் கையைப் பூட்டும் யோசனை வந்தது. இங்கே இந்த வேலைக்கு வார்ஃப் செய்வது என்று பெயர். குட்டையான உலோக ஐஎல்எஃப் ரைசர் கடையில் கிடைப்பது அரிதாக இருந்த நாட்களில் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு இது ஒன்றுதான் வழி. இன்றைக்கு ஹோய்ட் சடோரி மாதிரி 17, 19, 21 அங்குலத்தில் தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. அதனால் பணத்தை மிச்சப்படுத்தத்தான் இதைச் செய்கிறீர்கள் என்றால், இங்கேயே நிறுத்திவிட்டு ஒரு பழைய ஐஎல்எஃப் ரைசர் விலைக்கு வருகிறதா என்று பாருங்கள். கை வேலையில் ஆசை என்றால் மேலே படியுங்கள்.

உங்கள் வில்லில் கிரேலிங், மிச்சிகன் என்று இருக்கிறதா, கெயின்ஸ்வில், ஃபுளோரிடா என்று இருக்கிறதா பாருங்கள். பேர் கம்பெனி 1978-இல் முதல் ஊரிலிருந்து இரண்டாவது ஊருக்கு இடம் மாறியது, ஆகவே வயது ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

அடுத்தது கழற்றுவது. ஆபத்து அதிகமான கட்டம் இதுதான், பலரும் அலட்சியமாகக் கடந்து போவதும் இதைத்தான். காம்பவுண்ட் வில் மூலையில் சும்மா சாய்ந்திருந்தாலும் அதன் லிம்ப்கள் வளைந்த நிலையில்தான் இருக்கின்றன. ரீகர்வ் மாதிரி நாணைக் கழற்றி ஓய்வாக வைக்கும் ஏற்பாடு அதில் கிடையாது. போல்ட்டை இரண்டு பக்கமும் அரைச் சுற்று அரைச் சுற்றாக மாற்றி மாற்றித் தளர்த்திக்கொண்டே போய், கேபிள் தொய்ந்த பிறகு கழற்றலாம் என்பார்கள். போல்ட் போதுமான நீளம் இருந்தால் அது சரி. சில வில்களில் கேபிள் தொய்வதற்கு முன்பே மரை தீர்ந்துவிடும், அப்போது லிம்ப் தெறிக்கும். போல்ட் எவ்வளவு நீளம் என்பது வெளியிலிருந்து தெரியாது. உங்கள் வில்லில் சக்கரமும் விரிசல் விட்டிருக்கிறது, கேபிளும் துரு. ஆகவே இந்த வழியில் போகாதீர்கள். வில் கடைக்குக் கொண்டு போய் பிரஸ்ஸில், அதாவது லிம்ப்களை அழுத்திப் பிடித்துக்கொள்ளும் கருவியில், வைத்துக் கழற்றச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை. கேபிளைக் கட்டரால் வெட்டிவிடலாமா என்று மட்டும் யோசிக்கவே கூடாது.

ரைசர் தனியாகக் கைக்கு வந்ததும் அது என்ன உலோகம் என்று பாருங்கள். அந்தக் காலத்தில் பேர், மார்ட்டின், ஹோய்ட், பிஎஸ்இ எல்லோரும் மக்னீசிய வார்ப்பு நிறைய பயன்படுத்தினார்கள். அலுமினிய வார்ப்பும் உண்டு. வெளியே தெரியாத ஓர் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். உடனே நுரைத்துப் பொங்கினால் மக்னீசியம், சும்மா கிடந்தால் அலுமினியம். தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று நினைக்காதீர்கள். மக்னீசியத் தூள் தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பித் தீ இன்னும் மூர்க்கமாகும். அரம் போடும் இடத்தில் உலர்ந்த மணல் ஒரு வாளி இருக்கட்டும். பெஞ்ச் கிரைண்டர் பக்கமே கொண்டு போகாதீர்கள். முன்பு இரும்பு அரைத்த கல்லில் மக்னீசியத்தை வைத்தால் தீப்பொறியும் தூளும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். கூரான வெட்டுளியால் தடித்த சீவலாக எடுங்கள், சீவலை அவ்வப்போது கூட்டி வெளியே மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

அப்புறம் விரிசல். பெயின்ட் முழுவதையும் ரசாயன ஸ்டிரிப்பர் போட்டு எடுத்துவிடுங்கள். மணல் பீய்ச்சி எடுத்தால் நுண்ணிய விரிசலின் வாய் அடைபட்டுப் போகும், பிறகு எதுவும் தெரியாது. வெல்டிங் சாமான் கடையில் டை பெனட்ரன்ட் என்று மூன்று டப்பா கொண்ட செட் கிடைக்கும். சுத்தம் செய்து, சிவப்பு மையை அடித்து ஊறவிட்டு, துடைத்துவிட்டு, வெள்ளை டெவலப்பரை அடித்தால் விரிசல் உள்ள இடத்தில் சிவப்புக் கோடு மெல்ல எழுந்து வரும். போல்ட் துளையைச் சுற்றி, லிம்ப் சாய்ந்து நிற்கும் விளிம்பு, அம்பு வைக்கும் ஜன்னலின் இரண்டு உள்மூலைகள், இந்த மூன்று இடங்களையும் விட்டுவிடாமல் பாருங்கள். சிவப்பு புள்ளி புள்ளியாக வந்தால் அது வார்ப்பின் நுண்துளை, மேலே மட்டும் இருந்தால் பெரும்பாலும் பாதகமில்லை. கோடாக வந்தால், அது எவ்வளவு சின்னக் கோடாக இருந்தாலும், அந்த ரைசர் சுவரில் அலங்காரமாக மாட்டத்தான். வெல்டு வைத்துச் சரிசெய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முகத்துக்கு ஒரு கை தூரத்தில் பிடிக்கப்போகிற சாமானுக்கு நான் செய்ய மாட்டேன். வெள்ளைப் பொடி பூத்த அரிப்பு, குறிப்பாக எஃகு போல்ட்டும் மக்னீசியமும் சேரும் மரையில், அதுவும் கவனிக்க வேண்டியது. மரை பொடிந்திருந்தால் எஃகு இன்சர்ட் போடலாம், சுற்றியுள்ள சதை திடமாக இருந்தால் மட்டும்.

45 பவுண்டு தாங்குமா என்ற உங்கள் கேள்விக்குத் தோராயமாக ஒரு கணக்கு. 45 பவுண்டு ரீகர்வை முழுவதும் இழுத்துப் பிடிக்கும்போது நாணின் இழுவிசை 40 பவுண்டு அளவில் இருக்கும். லிம்ப் ஒரு நெம்புகோல். தாங்குவிளிம்பிலிருந்து போல்ட் இரண்டு அங்குலம் சொச்சம் தள்ளி இருக்கிறது, நுனியில் நாண் இழுப்பதோ அதைப்போல ஐந்தாறு மடங்கு கை நீளத்தில். ஆக போல்ட்டை மேலே பிடுங்கும் விசை 200 முதல் 240 பவுண்டு, ஏறக்குறைய 100 கிலோ. காம்பவுண்டில் குட்டையான, விறைப்பான லிம்ப்களை கேபிள் நெரித்துக்கொண்டிருக்கும், அங்கே இதைவிட அதிக விசையைச் சும்மா இருக்கும்போதே அந்த மரை தாங்கியிருக்கிறது. ஆகவே பழைய மரை இருக்கும் இடத்திலேயே பூட்டினால் பலம் குறையாது என்று தைரியமாகச் சொல்லலாம். நீங்கள் புதிதாகப் போடுகிற துளை, புதிதாக வெட்டுகிற பள்ளம், அதற்கு இந்த உறுதிமொழி கிடையாது.

இனி கோணம். இந்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. ரைசரின் மேலும் கீழும் லிம்ப் உட்காரும் தளம் செங்குத்துக் கோட்டிலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து லிம்ப்பின் நுனி எங்கே போய் நிற்கும் என்பது முடிவாகும். ஒலிம்பிக் அளவு 25 அங்குல ரீகர்வ் ரைசர்களில் இது 15 டிகிரி சுற்றுவட்டாரத்தில் இருக்கும். குட்டை ரைசர் என்றால் அதைவிடக் கூடுதலாக வைப்பார்கள், ஏனென்றால் அதே லிம்ப் குட்டை வில்லில் அதிகமாக வளைய வேண்டியிருக்கிறது. தளம் ஒரு டிகிரி மாறினால் நுனி சுமார் 8 மில்லிமீட்டர் நகரும். பத்து டிகிரி மாறினால் 8 சென்டிமீட்டர், அதாவது மூன்று அங்குலத்துக்கு மேல். கோணம் தேவைக்கு மேல் போனால் லிம்ப் வில்லாளியின் பக்கமாகத் தொங்கிவிடும். நாண் மாட்டியும் இறுக்கம் இருக்காது, அம்பு சோம்பலாகப் போகும். கோணம் குறைவாக இருந்தால் நாண் மாட்டும்போதே லிம்ப் அளவுக்கு மீறி வளையும், இழுவை எடை ஏறும், கடைசி இரண்டு அங்குலம் சுவரை இழுப்பது போல் இறுகும்.

இதை எதையும் துளைக்காமலே கண்டுபிடித்துவிடலாம். ஒரு பிளைவுட் பலகையில் பெரிய சார்ட் பேப்பரை ஒட்டி, ரைசரைப் படுக்கவைத்துச் சுற்றி வரையுங்கள். மேல் தாங்குவிளிம்பையும் கீழ் தாங்குவிளிம்பையும் இணைத்து ஒரு கோடு போடுங்கள். தளத்தின் மேல் ஸ்கேலை அழுத்தி வைத்து அதன் சரிவையும் வரைந்துகொண்டு, இந்தக் கோட்டோடு அது செய்யும் கோணத்தை அளந்தால் முதல் எண் வந்துவிடும். மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள், இரண்டையும் அளக்க வேண்டும். அடுத்து, கைப்பிடியின் கழுத்து, அதாவது பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுந்தும் இடம், அந்த இணைப்புக் கோட்டுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கழுத்து இலக்குப் பக்கமாக முன்னே இருந்தால் அது டிஃப்ளெக்ஸ், கை கொஞ்சம் ஆடினாலும் பொறுத்துக்கொள்ளும். வில்லாளியின் பக்கமாகப் பின்னே இருந்தால் ரிஃப்ளெக்ஸ். அப்போது நாண் கைப்பிடிக்கு மிக அருகில் வந்து மணிக்கட்டில் அடிக்கும், சின்னத் தவறுக்கும் அம்பு விலகும். எழுபதுகள், எண்பதுகளின் ரைசர்களில் பல நேராகவோ டிஃப்ளெக்ஸாகவோ இருப்பது நமக்கு அதிர்ஷ்டம். பிற்கால ரைசர்களில் வேகத்துக்காக ரிஃப்ளெக்ஸ் ஏறிக்கொண்டே போனது. 2000-க்குப் பிறகு வந்த, லிம்ப்கள் ஏறக்குறையப் படுத்துக் கிடக்கும் வகை காம்பவுண்ட்கள் இந்த வேலைக்கு முற்றிலும் உதவாது. யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மூன்றாவது எண், கழுத்திலிருந்து மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள தூரம். காம்பவுண்டில் இரு சக்கரமும் கேபிளால் கட்டுண்டு சேர்ந்தே சுழல்வதால் கைப்பிடி எங்கே இருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ரீகர்வில் ஒவ்வொரு லிம்ப்பும் தன் வேலையைத் தனியாகச் செய்கிறது. கழுத்து நடுவிலிருந்து அதிகம் தள்ளியிருந்தால் இரண்டு லிம்ப்புக்கும் வரும் சுமை வேறுபடும். போல்ட்டைத் திருகி டில்லரை, அதாவது மேல் கீழ் லிம்ப்களின் சமநிலையை, ஓரளவு சரிசெய்யலாம், ஆனால் ஐஎல்எஃப் போல்ட்டில் கிடைக்கும் இடம் சில சுற்றுகள்தான்.

கோணம் ஒத்து வந்தால், பூட்டுவதற்கு இரண்டு வழி. ரைசரிலேயே டோவ்டெயில் பள்ளம் வெட்டுவது ஒன்று. அழகாக இருக்கும், ஆனால் மில்லிங் மெஷினும் அதைப் பிடித்து நிறுத்தத் தனி ஃபிக்ஸ்சரும் வேண்டும், வெட்டிய பிறகு பின்வாங்க முடியாது. பள்ளம் தாங்குவிளிம்பின் அருகில் சதையைக் குறைக்கிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். மற்றது நீங்கள் சொன்ன அடாப்டர் பிளேட். அலுமினியப் பிளேட்டில் ஐஎல்எஃப் போல்ட்டும் பள்ளமும் ஏற்கெனவே இருக்கும், அதை ரைசரின் பழைய மரையில் பூட்ட வேண்டும். முதல் முறைக்கு இதுதான் நல்லது. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே போல்ட்டில் நிற்கும் பிளேட் அந்தப் போல்ட்டைச் சுற்றித் திரும்பும். எத்தனை இறுக்கினாலும் நூறு அம்பு விட்ட பிறகு ஒரு மயிரிழை திரும்பியிருக்கும், லிம்ப் நுனியில் அது கண்ணுக்குத் தெரியும் விலகலாக வரும். பிளேட் ரைசரின் லிம்ப் பள்ளத்துக்குள் இருபக்கச் சுவரும் பிடிக்கும்படி சிக்கென்று உட்கார வேண்டும், இல்லாவிட்டால் நேர்பார்த்து முடித்த பிறகு ஒரு டவல் பின் (dowel, பிளேட் திரும்பாமல் பிடிக்கும் உருளை முளை) அடிக்க வேண்டும். கோணம் இரண்டு மூன்று டிகிரி தப்பினால் பிளேட்டின் அடியில் ஆப்பு வடிவத் தகடு வைத்துச் சரிசெய்யலாம். முழுப் பரப்பிலும் ஒட்டி உட்காரும்படி மெஷினில் சீவிய உலோக ஆப்பாக அது இருக்க வேண்டும். வாஷரை அடுக்கிக் கோணம் ஏற்றிய வில் ஒன்று கிளப்புக்கு வந்தது, நாண் மாட்டுவதற்கே அனுமதிக்கவில்லை.

நேர்பார்ப்பது பொறுமை கேட்கும் வேலை. லிம்ப் இரண்டிலும் நடுக்கோட்டை மாஸ்கிங் டேப்பில் குறித்து, நாண் மாட்டி, வில்லைப் படுக்கவைத்துப் பின்னாலிருந்து ஒரு கண்ணால் பாருங்கள். நாண் மேல் நடுக்கோட்டிலும் கீழ் நடுக்கோட்டிலும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். ரைசரின் முன்பக்கம் ஸ்டெபிலைசர் துளை இருக்கும், அனேகமாக 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. அதில் ஒரு நீளமான ராடைத் திருகி, நாண் அதன் மேலும் நடுவாக விழுகிறதா என்று பாருங்கள். லிம்ப்பில் சரியாகவும் ராடில் மட்டும் தப்பாகவும் வந்தால் துளையே கோணலாகப் போட்டிருக்கலாம். பழைய வார்ப்பில் அது சகஜம், பயப்பட வேண்டாம். லிம்ப்பிலேயே தப்பினால் மேல் லிம்ப்பையும் கீழ் லிம்ப்பையும் இடம் மாற்றிப் பூட்டிப் பாருங்கள். தப்பு லிம்ப்போடு இடம் மாறினால் லிம்ப்பில் குறை, அங்கேயே நின்றால் பிளேட்டில் அல்லது ரைசரில் குறை.

லிம்ப் வாங்கும்போது அதில் அச்சிட்டிருக்கும் எடையை அப்படியே நம்பி வாங்காதீர்கள். ஐஎல்எஃப் லிம்ப்பில் போட்டிருக்கும் எண் 25 அங்குல ரைசரில், 28 அங்குல இழுவையில் அளந்தது. ரைசர் ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் ஒரு பவுண்டு ஏறும் என்பது இங்கே எல்லோரும் வைத்திருக்கும் கைக்கணக்கு. உங்களுடையது 18 அங்குலம், ஆக ஏழு பவுண்டு ஏறும். 45 வேண்டுமென்றால் 38 என்று போட்டதை வாங்குங்கள். மீடியம் லிம்ப் போட்டால் வில் 61 அங்குலம், லாங் போட்டால் 63. உங்கள் இழுவை 28 அங்குலத்துக்கு மேல் என்றால் லாங். ஆனால் இந்தக் கைக்கணக்கு தொழிற்சாலை ரைசரின் கோணத்தை வைத்து வந்தது. உங்கள் ரைசரின் கோணம் வேறு என்பதால் இரண்டு மூன்று பவுண்டு இப்படியோ அப்படியோ போகலாம். என்னைக் கேட்டால் முதலில் 25 பவுண்டு எண் போட்ட விலை குறைந்த மர லிம்ப் ஒரு ஜோடி வாங்கிப் பூட்டுங்கள். கோணமும் நேரும் சரியா என்று அதிலேயே தெரிந்துவிடும், தப்பானாலும் நஷ்டம் பெரிதில்லை. நாணும் டேக்ரான் என்ற பாலியெஸ்டர் நூலில் போதும். நீளம் வில்லின் நீளத்தைவிட மூன்று நான்கு அங்குலம் குறைவு என்று ஆரம்பித்து, முறுக்கேற்றிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

முதல் இழுப்பைக் கையால் இழுக்காதீர்கள். சுவரில் அடித்த ஒரு கட்டையில் ரைசரை மாட்டி, நாணில் கயிறு கட்டி, தரையில் ஒரு கப்பி வழியாக விலகி நின்று இழுங்கள். பாதி இழுவைக்குப் பலமுறை, பிறகு முழு இழுவைக்கு, பிறகு அதற்கு மேல் ஓர் அங்குலம். இழுத்து அப்படியே விட்டுவிடக் கூடாது, மெதுவாகத் தளர்த்த வேண்டும், அம்பில்லாமல் விட்டால் நல்ல வில்லும் உடையும். அதன் பிறகு பிளேட்டைக் கழற்றி அதே மூன்று இடங்களில் மறுபடி சிவப்பு மை அடியுங்கள். அப்போதும் கோடு எதுவும் எழவில்லை என்றால் கையில் எடுக்கலாம், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. ஆரம்பத்தில் அவ்வப்போதும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். நாற்பது வருடத்துக்கு முந்தைய வார்ப்பு அதற்கு முன் யார் கையில் என்ன பட்டது, எத்தனை முறை அம்பில்லாமல் விடப்பட்டது என்பதற்குக் கணக்கு எங்கும் இல்லை.

செலவைப் பற்றி: ரைசர் ஏறக்குறைய இலவசம். பிளேட், லிம்ப், நாண், பெனட்ரன்ட், கடைக்காரருக்குக் கழற்றுகூலி எல்லாம் சேர்ந்தால் மலிவான புது ஐஎல்எஃப் ரைசரும் லிம்ப்பும் வாங்கும் காசுக்குப் பக்கத்தில் வந்துவிடும். லிம்ப்பும் நாணும் எப்படியும் வேறு வில்லுக்கு உதவும், அதனால் உண்மையில் பணயம் வைப்பது பிளேட், பெனட்ரன்ட், கழற்றுகூலி இவற்றை மட்டும்தான்.

ஆகவே பிளேட்டை இன்னும் ஆர்டர் செய்யாதீர்கள். கடையில் கழற்றி வாங்கி வந்து, சார்ட் பேப்பரில் வரைந்து, மேல் கீழ் இரண்டு கோணம், கழுத்து கோட்டுக்கு எந்தப் பக்கம் எவ்வளவு, கழுத்திலிருந்து இரு விளிம்புக்கும் தூரம், இவற்றை இங்கே போடுங்கள். லிம்ப் பள்ளத்தின் அகலத்தையும் வெர்னியரில் அளந்து சேர்த்துவிடுங்கள், சந்தையில் கிடைக்கும் பிளேட் எல்லாம் எல்லாப் பள்ளத்திலும் இறங்காது.